நல்ல தண்ணியும் சுத்தமான தண்ணியும்

போன வாரம் ஓர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். பழைய சிநேகிதரின் மகள் நடத்துகிற ஆர்க்கிடெக்ட் அலுவலகம். புதிதாக இந்தத் தொழிலுக்கு வந்திருக்கிற உங்கள் வயதுப் பிள்ளைகள் இரண்டு பேர் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஒரு வீட்டின் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மொட்டைமாடித் தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்று சும்மா கேட்டேன். ஒருத்தன் திரும்பி, மிக மரியாதையாக, "அது நம்ம ஸ்கோப்ல இல்ல சார், பிளம்பிங் கன்சல்டன்ட் பார்த்துப்பாங்க" என்றான். எனக்கு வந்த கோபத்தில் கொடுத்த காபியைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் ஆறவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இந்த ‘ஸ்கோப்’, அதாவது ‘என் வேலையின் எல்லை’ என்ற சொல்லை ஒரு ஆள் கேடயமாகப் பிடிப்பதை நான் முதலில் பார்த்தது மரக்காணத்தில், உப்பளத்து ஓரத்தில், சுனாமி அடித்ததற்கு அடுத்த வருஷம்.

மரக்காணத்துக்குப் பக்கத்தில் ஒரு மீனவக் குப்பம். பெயர் வேண்டாம், அந்த ஜனங்கள் இன்னும் அங்கேதான் குடியிருக்கிறார்கள். கரையோரத்து வீடுகள் எல்லாம் போய்விட்டன. பிழைத்தவர்களை ஈ.சி.ஆர். சாலைப் பக்கம் வரிசையாகப் போட்ட தார் ஷீட் கொட்டகைகளில் வைத்திருந்தார்கள். கறுப்புத் தார் பூசிய அட்டைதான் சுவர், அதுதான் கூரை. சித்திரை வெயிலில் உள்ளே உட்கார்ந்து பார்த்தவனுக்குத்தான் அது என்னவென்று தெரியும். பகலில் ஆள் உள்ளே இருக்க முடியாது, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மரத்தடி தேடி அலைவார்கள்.

வடக்கே ஒரு பெரிய கம்பெனியின் அறக்கட்டளை அவர்களுக்கு வீடு கட்டித் தர முன்வந்தது. அரசாங்கம் இடம் கொடுத்தது, உப்பளத்தை ஒட்டி, வேறு யாரும் கேட்காத நிலம். புதுச்சேரியில் அலுவலகம் வைத்திருந்த என்னை வரைபடத்துக்குக் கூப்பிட்டார்கள்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் ஆர்க்கிடெக்ட் என்றால் மண்ணைப் பார்ப்பதிலிருந்து சாவி கொடுக்கும் வரைக்கும் அவன் பொறுப்பு. மேஸ்திரி தப்புச் செய்தாலும் திட்டு அவனுக்குத்தான். இங்கே போனால், அறக்கட்டளைக்கும் எனக்கும் நடுவில் ‘புராஜெக்ட் மேனேஜ்மென்ட்’ என்று ஒரு கம்பெனி உட்கார்ந்திருந்தது. நான் படம் போட்டுத் தர வேண்டும். கடைசியில் ‘படத்தின்படி கட்டப்பட்டது’ என்று கையெழுத்துப் போட வேண்டும். நடுவில் நடப்பதெல்லாம் அவர்கள் ஸ்கோப். கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதைதான். நான் எப்போது வேண்டுமானாலும் சைட்டுக்கு வருவேன், யாரும் தடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்கச் சொன்னேன். அந்தக் கம்பெனியின் மேனேஜர் சிரித்துக்கொண்டே சேர்த்தார். வயசான மனுஷன், எங்கே வரப் போகிறான் என்று நினைத்திருப்பார்.

வேலை ஆரம்பிக்கும் முன் குப்பத்தில் கூட்டம் போட்டு, வரப்போகிற வீடுகளைக் கலர் கலராகப் பெரிய துணியில் அச்சடித்துக் காட்டினார்கள். பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீடு நான் போட்டதுதான். ஆனால் அதன் தலையில், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், நெளிநெளியாக ஒரு கூரையை வைத்திருந்தார்கள். பக்கத்தில் நின்று விளக்கியவள் நித்யா. அந்த மேனேஜ்மென்ட் கம்பெனியில் வேலை பார்த்த இளம் ஆர்க்கிடெக்ட், சென்னைக் கல்லூரியில் மெடல் வாங்கியவள்.

முன்வரிசையில் கன்னியம்மா என்று ஒருத்தி மீன்கூடையை மடியோடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மரக்காணம் மார்க்கெட்டில் மீன் விற்பவள். "மேல இன்னாம்மா அது, வளைஞ்சு வளைஞ்சு?" என்று கேட்டாள்.

"அலைங்க. கடலோட அலை. அதான் இந்த டிசைனோட கான்செப்ட்" என்றாள் நித்யா.

"வந்த அலை பத்தலையா?" என்றாள் கன்னியம்மா.

யாரும் சிரிக்கவில்லை. சுனாமி அடித்த அன்றைக்குக் காலையில் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்த அவள் புருஷன் அந்த அலையோடு போனவன். நித்யாவுக்கு முகம் செத்துவிட்டது. துணியைச் சுருட்டக்கூடக் கை வரவில்லை.

எனக்கு அந்தப் பெண் மேல் கோபம் வரவில்லை. அவளுக்குப் பாடம் எடுத்தவர்கள் மேல் வந்தது, இன்றைக்கும் இருக்கிறது. மாணவர்களின் டிசைனை மதிப்பிடுகிற கல்லூரி ஜூரிகளுக்கு நானும் போயிருக்கிறேன். அஞ்சு வருஷம் அந்தப் பிள்ளைகளிடம் "உன் கான்செப்ட் என்ன?" என்றே கேட்கிறார்கள். சங்கு, தாமரை, அலை, பறவைச் சிறகு என்று அதுகளும் எதையாவது சொல்லித் தப்பிக்கின்றன. இதற்குக் கீழே யார் படுத்துத் தூங்கப் போகிறார்கள் என்று ஒரு வாத்தியார் கேட்டு நான் பார்த்ததில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இவர்கள் சுரைக்காயைக்கூட ஒழுங்காக வரையச் சொல்லிக் கொடுக்கவில்லை.

அலை போயிற்று, என் தட்டைக் கூரை திரும்ப வந்தது. முதலில் ஒரே ஒரு மாடல் வீட்டை முழுசாகக் கட்டி, விழா வைத்து, படம் எடுத்து வடக்கே அனுப்புவது, பிறகு மற்றவை என்று திட்டம். அந்த முதல் வீட்டைக் கன்னியம்மாவுக்கு ஒதுக்கினார்கள். "விதவை, ரெண்டு பொண்ணு. போட்டோவுக்கு நல்லா வரும் சார்" என்று மேனேஜர் என் முகத்தைப் பார்த்தே சொன்னார். அந்த வாயை என்ன சொல்வது.

ஆடி மாதம் ஒரு நாள் சைட்டுக்குப் போனேன். மாடல் வீட்டுக்குக் கான்கிரீட் கூரைத் தளம் போட்டு, அதைத் தாங்கிய சென்ட்ரிங் பலகைகளைப் பிரித்திருந்தார்கள். மற்ற வீடுகளில் சுவர் மட்டும் எழும்பியிருந்தது. பார்த்துவிட்டு, கொண்டுபோன சாப்பாட்டைச் சாப்பிட்டுக் கை கழுவப் போனேன். சோப்பைத் தேய்க்கிறேன், தேய்க்கிறேன், நுரையே வரவில்லை. சோப்பு தயிர் திரிந்த மாதிரி கையில் ஒட்டிக்கொண்டது.

மேஸ்திரியைக் கூப்பிட்டேன். "தண்ணி எங்க இருந்துப்பா வருது?"

"இங்கயே போர் போட்டிருக்குது சார்."

"இதுலதான் தளம் போட்டீங்களா?"

"ஆமா சார். கண்ணாடி மாதிரி இருக்குது பாருங்க." ஒரு மக்கில் பிடித்துக் காட்டினார். உண்மைதான். தூசு தும்பு இல்லை, மக்கின் அடி அப்படியே தெரிந்தது. ஒரு வாய் எடுத்தேன், துப்பினேன். உப்பளத்துக்குப் பக்கத்தில் பூமியைத் துளைத்தால் வேறு என்ன வரும்?

"உப்பா இருக்குதேப்பா."

"குடிக்கவா சார் கேட்டீங்க? குடிக்க நல்ல தண்ணி தனியாக் குடத்துல வந்துடும். இது வேலைக்கு" என்றார் மேஸ்திரி, நான் தாகத்துக்குக் குடித்து ஏமாந்துவிட்டதாக நினைத்து.

தமிழ்நாட்டில் நல்ல தண்ணி என்றால் என்னவென்று குழந்தைக்கும் தெரியும். சுத்தமோ அழுக்கோ, உப்பில்லாத தண்ணி. கலங்கிய ஏரித் தண்ணியும் நல்ல தண்ணிதான். கண்ணாடி மாதிரி இருந்தாலும் உப்புத் தண்ணி நல்ல தண்ணி ஆகாது. வரைபடத்தோடு கொடுத்த என் குறிப்பில் கான்கிரீட்டுக்குக் குடிக்கத் தகுந்த தண்ணீர்தான் வேண்டும் என்று எழுதியிருந்தேன். சைட்டில் இருந்த நித்யாவிடம் கேட்டபோதுதான் தெரிந்தது, என் குறிப்புகளை எடுத்துவிட்டு அந்தக் கம்பெனி தன் வழக்கமான குறிப்பைச் சேர்த்திருக்கிறது. ஏதோ பெருநகரத்தில் அபார்ட்மென்ட் கட்டுவதற்காக எழுதியது. அதில் தண்ணீருக்கு நேராக ‘கிளீன்’ என்று ஒரே வார்த்தை. சுத்தமான தண்ணி. காண்டிராக்டர் சுத்தமான தண்ணியைத்தான் ஊற்றியிருக்கிறான், அவன் மேல் யாரும் ஒரு குற்றமும் சொல்ல முடியாது.

"உப்புல இருக்கிற குளோரைடு பட்டா கம்பி என்ன ஆகும்னு படிச்சிருக்கியாம்மா?" என்று நித்யாவைக் கேட்டேன்.

மூச்சு விடாமல் ஒப்பித்தாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. "பரீட்சைல வந்த கேள்வி சார்" என்றாள்.

"அப்புறம் ஏம்மா?"

"அது இந்தத் தண்ணின்னு எனக்குத் தோணவே இல்ல சார்." சொல்லும்போதே அவளுக்குக் கண் கலங்கியது.

மேனேஜரிடம் போனேன். தளத்தை இடித்துவிட்டு மறுபடி போட வேண்டும், இனிமேல் கடலை விட்டுத் தள்ளி இருக்கிற ஊர்களிலிருந்து டேங்கரில் நல்ல தண்ணி வர வேண்டும் என்றேன். அவர் பதறவே இல்லை. "ஸ்பெக்ல கிளீன்னு இருக்குது, தண்ணி கிளீனா இருக்குது. டேங்கர்னா வேலை இழுத்துடும் சார். ஐப்பசி மழைக்கு முன்னாடி இந்த ஜனங்க தார் ஷீட்ட விட்டு வர வேணாமா? நீங்களே சொல்லுங்க" என்றார். பிறகு, குரலைத் தாழ்த்தி, "அதுவும் இல்லாம, சைட் உங்க ஸ்கோப்ல இல்ல சார்" என்றார்.

தார் ஷீட் பற்றி அவர் சொன்னது நிஜம். அதுதான் வயிற்றெரிச்சல். பொய்க்காரன் ஒரு நிஜத்தைக் கையில் பிடித்துக்கொண்டால் அவனை அசைக்க முடியாது. புதுச்சேரியில் ஒரு லேபில் தண்ணீரையும் தளத்திலிருந்து பெயர்த்த துண்டையும் கொடுத்துப் பார்த்தேன், நான் பயந்ததுதான் வந்தது. அறக்கட்டளைக்கு எழுதினேன். அவர்களுக்குப் போகிற எல்லாமே மேனேஜர் வழியாகப் போவது என்று ஏற்பாடு. பதிலும் அவரிடமிருந்தே வந்தது, கவலைப்படாதீர்கள் என்று.

அந்த நேரத்தில் எனக்கு மூன்று வழி இருந்தது. பேசாமல் கையெழுத்துப் போடலாம். அல்லது விலகிவிடலாம். நம் தொழிலில் கௌரவமான ஆட்கள் எல்லாம் இந்த இரண்டாவதைத்தான் செய்வார்கள், செய்துவிட்டுக் கிளப்பில் உட்கார்ந்து கதையும் சொல்வார்கள். விலகினால் என் கை சுத்தம், கன்னியம்மாவின் தலைக்கு மேலே அந்தத் தளம் அப்படியே இருக்கும். மூன்றாவது, அவளிடம் போய்ச் சொல்வது. ஒப்பந்தப்படி என் கட்சிக்காரர், அதாவது எனக்கு வேலை கொடுத்தவர், அறக்கட்டளைதான், வீட்டில் குடியிருக்கப் போகிறவளிடம் பேச எனக்கு உரிமை இல்லை என்று நண்பர் ஒருவர் புத்தி சொன்னார். கூரைக்குக் கீழே படுக்கிறவள் யாரோ, கூரைக்குச் செலவு செய்கிறவன் மட்டும் கட்சிக்காரன் என்றால் இந்தத் தொழிலே எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

விழாவுக்கு இரண்டு நாள் முன்னால் கொட்டகைக்குப் போனேன். கன்னியம்மா வெளியே உட்கார்ந்து விற்காமல் மீந்த நெத்திலியைக் காயப் போட்டுக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னேன்.

"உப்புத் தண்ணி ஊத்தினா இன்னா சார்? எங்க படகு கடல்லயேதான் கெடக்குது" என்றாள்.

"நங்கூரம் என்ன ஆகுது?"

அவள் கை நின்றது. "துரு பிடிச்சு உதிரும்."

"தளத்துக்குள்ள பூரா கம்பிதாம்மா. வெளியில தெரியாது. உள்ளயே ஊறி, கொஞ்ச வருஷத்துல மேல இருந்து பெயர்ந்து விழும்."

"யார் மேல?"

"கீழ யார் படுத்திருக்காங்களோ, அவங்க மேல."

"கீழ எம் பொண்ணுங்கதான் படுத்திருக்கும்" என்றாள். நெத்திலியைத் தள்ளி வைத்துவிட்டு, "உங்க வூடா இருந்தா இன்னா சார் பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

"இடிப்பேன்."

"இடிச்சிட்டு எங்க போய்ப் படுப்பீங்க?"

புதுச்சேரியில் எனக்கு மின்விசிறி ஓடுகிற வீடு இருந்தது. அவள் என் மேல் கோபமாகத்தான் உள்ளே எழுந்து போனாள். "இதை எதுக்கு என்னாண்ட வந்து சொல்றீங்க, படிச்சவங்க நீங்களே பேசித் தீர்க்க மாட்டீங்களா?" என்று உள்ளே இருந்து குரல் மட்டும் வந்தது. அவள் கேட்டது நியாயம்.

விழாவுக்கு ஷாமியானா, வாழைமரம், நாதஸ்வரம், எல்லாம் இருந்தது. மேடையில் அறக்கட்டளை அதிகாரி, மேனேஜர், உள்ளூர்ப் பெரிய மனுஷர்கள். ஆர்க்கிடெக்டுக்கு மேடையில் நாற்காலி இல்லை, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்தேன். அதிகாரி நல்ல மனுஷர்தான், ஆனால் தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. மொழிபெயர்க்க நித்யாவை மைக்கோடு நிறுத்தியிருந்தார்கள்.

கன்னியம்மாவைக் கூப்பிட்டார்கள். புதுப் புடவை, தலையில் பூ இல்லை, பக்கத்தில் இரண்டு பெண்கள். தட்டில் சாவி, ரிப்பன் கட்டியது. அவள் சாவியைக் கையில் எடுத்தாள். கேமராக்காரர்கள் முன்னால் வந்தார்கள். அவள் அதிகாரியைப் பார்த்து, "ஐயா, ஒண்ணு கேக்கணும். எம் வூட்டுக்கு நல்ல தண்ணி ஊத்திக் கட்டினீங்களா?" என்றாள்.

நித்யாவுக்கு வாய் வரவில்லை. அந்த இடைவெளியில் மேனேஜர் அதிகாரியின் காதுப் பக்கம் சாய்ந்து, வீட்டுக்கு நல்ல தண்ணீர் வருமா என்று கேட்கிறாள் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பதை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். அதிகாரிக்கு முகம் மலர்ந்துவிட்டது. கட்டாயம், வீட்டுக்கு வீடு குழாய் உண்டு என்று ஆங்கிலத்தில் சொன்னார். முன்வரிசையில் ஆங்கிலம் தெரிந்தவர்கள் கை தட்டினார்கள், அதைப் பார்த்து மற்றவர்களும் தட்டினார்கள்.

"இன்னாம்மா சொல்றாரு?" என்று கன்னியம்மா நித்யாவைக் கேட்டாள்.

மைக் ஓடிக்கொண்டிருந்தது. "வீட்டுக்கு வீடு குழாய் போட்டுத் தருவாங்களாம்" என்றாள் நித்யா, மெல்ல.

"நான் குழாயா கேட்டேன்?"

கன்னியம்மா சாவியைத் திரும்பத் தட்டில் வைத்தாள். எறியவில்லை, கோபமாகக்கூட வைக்கவில்லை, மார்க்கெட்டில் கெட்ட மீனை ஒதுக்கி வைப்பது போல ஒதுக்கி வைத்தாள்.

மேனேஜர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். நித்யா கொடுக்கவில்லை. அதை வாய்ப்பக்கம் கொண்டுபோய், கன்னியம்மா கேட்டது குழாய் இல்லை, இந்தத் தளத்தை உப்புத் தண்ணீரில் போட்டீர்களா என்று கேட்கிறாள், போட்டோம், குறிப்பில் ‘கிளீன்’ என்ற வார்த்தையை அப்படியே விட்டவள் நான்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண்ணுக்கு மெடல் கொடுத்த கல்லூரி அன்றைக்குத்தான் கொடுத்திருக்க வேண்டும்.

அதிகாரி என்னைத் தேடி வரவழைத்துப் பேசினார். பிறகு நடந்தது எல்லாம் நடக்க வேண்டியதுதான்: மறுபடி லேபுக்குப் போனது, எல்லா வீடுகளுக்கும் டேங்கர் தண்ணி என்று முடிவானது. நித்யாவுக்கு அந்த மாதமே வேலை போயிற்று. எனக்குப் பதில் வேறொரு ஆர்க்கிடெக்டை வைத்துக்கொண்டார்கள், மரக்காணத்தை பஸ் ஜன்னலில்கூடப் பார்த்திராத ஆள். இன்று அங்கே கல்வெட்டில் இருப்பது அவர் பெயர். மேனேஜருக்கு ஒன்றும் ஆகவில்லை, அடுத்த ஊரில் அடுத்த வேலைக்குப் போனார். இதைக் கேட்டு உங்களுக்கு ரத்தம் கொதிக்கவில்லை என்றால் தயவுசெய்து வேறு தொழிலுக்குப் போங்கள்.

கன்னியம்மாவுக்கு நடந்ததுதான் இன்றைக்கும் எனக்கு ஆறாதது. மற்ற வீடுகளுக்கெல்லாம் தளம் போட்ட பிறகுதான் அவளுடையதை உடைத்துப் போடுவோம் என்று காண்டிராக்டர் சொல்லிவிட்டான். கேள்வி கேட்டவளுக்குத் தண்டனை. அந்த மழைக்காலம் முழுக்க இரண்டு பெண்களோடு தார் ஷீட்டில் கிடந்தாள். தை பிறந்து மற்றவர்கள் பால் காய்ச்சிக் குடிபோன பிறகு, அந்த வரிசையில் அடுப்பு எரிந்தது அவள் கொட்டகையில் மட்டும். நான் போகும்போதெல்லாம், "உங்க பேச்சைக் கேட்டு நான்தான் சார் கடைசி" என்பாள். ஆமாம்மா என்பேன். வேறு என்ன சொல்ல முடியும்.

மாசி மாதம், 2006இல், அவள் வீட்டுக்கு மறுபடி தளம் போட்டார்கள். எனக்கு அங்கே எந்த வேலையும் இல்லை, இருந்தாலும் போனேன். நித்யாவும் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். இப்போது அவள் கடலூர்ப் பக்கம் சொந்தமாகத் தொழில் செய்கிறாள். அவள் வரைபடங்களில் ஆங்கிலக் குறிப்புகளுக்கு நடுவே ‘நல்ல தண்ணி’ என்று தமிழில் கொட்டை எழுத்தில் இருக்கும். சில பேர் அதைப் பார்த்துச் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும்.

அன்றைக்கு டேங்கர் வந்து டிரம்மில் தண்ணியை விட்டது. மேஸ்திரி மிக்ஸரை ஓட்டச் சொல்லிக் கையைத் தூக்கினார். "இருப்பா" என்றாள் கன்னியம்மா. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, டிரம்மில் கையை விட்டு அள்ளி ஒரு வாய் குடித்தாள். வாயில் வைத்திருந்து, விழுங்கினாள். சரி என்று தலையை ஆட்டினாள். மேஸ்திரி மறுபடி கையைத் தூக்கினார்.

"இருப்பான்றேன்" என்றாள். மறுபடி அள்ளி, கை ஒழுக ஒழுக என் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்களும் குடிச்சுப் பாருங்க சார்" என்றாள். "அப்புறம் உங்க வேலை இல்லைன்னு சொல்லக் கூடாது."

குனிந்து, அவள் கையிலிருந்தே குடித்தேன்.